ஆகஸ்ட் பதிவேடு, லிபாரித் தீவு

கறுப்பு முதலில் வந்தது, பத்தே காலுக்கு.
டச்சுப் பையன், பெயர் ஷூர்ட், வயது பதினாறு.
செம்பாறைச் சரிவில் பொறுக்கிய எரிமலைக் கண்ணாடியைப்
பின்பையில் போட்டுக்கொண்டு
படகில் உட்கார்ந்திருக்கிறான்.
துணி கிழிந்த சத்தம்கூடக் கேட்கவில்லையாம்.
ஏழு தையல்.
காயத்தின் இரு உதடும் அத்தனை நேர்,
எங்கள் அறுவைக்கத்தி வெட்கப்படும்.
அப்சிடியன் வெட்டு அழகாகக் கூடிவிடும் என்றேன்.
அவன் அம்மாவுக்கு அது ஆறுதலாகப் படவில்லை.
பதிவேட்டில், காரணம் என்ற கட்டத்தில்,
கல் என்று எழுதினேன்.
சின்னக் கட்டம். ஒரு சொல் பிடிக்கும்.

வெள்ளைக்கு அந்தக் கட்டம் போதாது.

ஒனோஃப்ரியோ பதினொன்றரைக்கு வந்தார்.
பேருந்து நிற்குமிடத்திலிருந்து எண்பது அடி,
மூன்று இடத்தில் நின்று,
கடைசியாக எங்கள் வாசல் கம்பியில்
கடல் பார்ப்பவர்போல நின்று.
கடலை அவர் பார்க்கவில்லை.
நெஞ்சுப் படத்தை விளக்குப் பலகையில் செருகினேன்.
இந்தத் தீவில் பனி பெய்வதில்லை.
அவருக்குள் பெய்திருந்தது,
இரண்டு பக்கமும், மேலிருந்து கீழே.

நுரைக்கல். கையிலெடுத்தால் ரொட்டியின் எடை.
கடலில் போட்டால் மிதக்கும்.
அம்மி மிதக்கும் ஊர் ஒன்று உண்டென்றால்
அது நாங்கள்தான்.
வெள்ளை மலையில் பதினான்கு வயதில் மண்வெட்டி பிடித்தவர்,
வாய்க்கு ஒரு கைக்குட்டை.
ஞாயிறுகளில் அதே சரிவில் சறுக்கிக்
கடலில் விழுந்து விளையாடினார்களாம்,
மாவு புரட்டிய மீன்கள்போல.
வீட்டுக்குப் போனால் தாய் அடையாளம் தெரியாமல்
பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குச் சோறு போட்டாளாம்.
இதைச் சொல்லும்போது சிரிப்பார்.
சிரிப்பு இருமலாகும். காத்திருப்பேன்.
வெளுத்ததெல்லாம் பால் என்று
அந்த வயதில் யார்தான் நம்பவில்லை.

போன கோடையில் கத்தானியாவிலிருந்து
ஒரு பாறை ஆய்வாளர், ரொஸெல்லா,
வயிற்றுவலி மாத்திரைக்கு வந்தாள்.
பையில் இரண்டு கல்லும் இருந்தன.
இரண்டும் ஒன்றுதான் என்றாள்.
ஒரே மலைவாய், ஒரே குழம்பு,
நூற்றுக்கு எழுபத்து நான்கு பங்கு சிலிக்கா
இதிலும் அதிலும்.
ஒன்றில் காற்று வெளியே போய்விட்டது,
இன்னொன்றில் மாட்டிக்கொண்டது, அவ்வளவுதான் வித்தியாசம்.
மாத்திரையை உணவுக்குப் பின் என்றேன்.
வேறு எதுவும் சொல்ல வரவில்லை.
உள்ளெல்லாம் காற்றை வைத்திருக்கும் கல்லுக்கு
ஒனோஃப்ரியோவின் காற்று எதற்கு?

இன்று அவர் கேட்டார்,
தட்டில் கிடக்கும் அது என்னவென்று.
பையனின் தொடையிலிருந்து எடுத்த சில்லு.
கழுவிக் கொடுத்தேன்.
ஜன்னலுக்குப் பிடித்தார்.
நடுவில் இருட்டு, ஓரத்தில் புகையின் பழுப்பு,
அதற்கும் ஓரத்தில் ஒன்றுமே இல்லை, வெளிச்சம்தான்.
"நேர்," என்றார்.
ஒரு மூச்சு எடுத்தார்.
"மையான கல்."
பிறகு, வெகுநேரம் கழித்து,
"வெட்டினால் வெட்டியது என்று தெரிகிறது."

நான் ஆக்ஸிஜன் குழாயைச் சரிசெய்தேன்.
பதிவேட்டில் கட்டத்தைத் தாண்டி
ஓரத்தில் எழுதினேன், தாளின் விளிம்புவரை:
நுரைக்கல் தூசி, முப்பத்தொரு ஆண்டுகள்.
மேலதிகாரிக்குப் பிடிக்காது.
எழுதிவிட்டேன்.

ராத்திரி வீட்டில், வாளி வெந்நீரில் கால்.
நாள் முழுக்க நின்ற குதிகாலில் வெடிப்பு.
அந்தச் சாம்பல் வெள்ளைத் துண்டு
தண்ணீரில் மிதந்துவந்து
முழங்காலில் இடிக்கிறது, செல்லப் பிராணிபோல.
இந்தத் தெருவில் எல்லாக் குளியலறையிலும் ஒன்று உண்டு,
ஒனோஃப்ரியோ வீட்டிலும்.
வேறெதுவும் இவ்வளவு நன்றாகத் தேய்க்காது.

ஈரக் கல்லில் தூசி பறக்காது, தெரியும்.
இருந்தாலும்
மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் தேய்க்கிறேன்.
வலது கால் முடிந்தது.
இடதுக்கு முன் ஒருமுறை
தலையைத் திருப்பி மூச்சு விட்டுக்கொள்கிறேன்.